ஆர்மோனியத்துக்குள் ஒரு குடித்தனம்

சில வருடங்களுக்கு முன், மகாவீரர் ஜெயந்தி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். செஞ்சியில் எங்கள் வீட்டில் இருந்த ஆர்மோனியம் திடீரென்று பழுதாகிவிட்டது. துருத்தியை எவ்வளவு அழுத்தினாலும் காற்று நிற்கவில்லை. பாதிக் கட்டைகள் பேசவே இல்லை.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். ஜெயந்தியன்று எங்கள் கோயிலில் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பாடுவோம். ஆர்மோனியம் வாசித்து, முதல் குரல் கொடுப்பது நான்தான். பாண்டிச்சேரியில் பழுது பார்ப்பவருக்குப் போன் செய்தேன். உடனே கொண்டுவந்தால் விழாவுக்குள் சரிசெய்து தருவதாகவும், துருத்தி ரொம்பப் போயிருந்தால் புதிதே வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க, என் கணவர் பின்பலகையைக் கழற்றினார்.

உள்ளே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் மல்லாட்டை மூட்டைகள் அடுக்கியிருந்தோம். அந்தக் கடலைத் தோலும் துருத்தியிலிருந்து கடித்தெடுத்த துணியுமாக ஒரு மெத்தை. அதன்மேல், கண் திறக்காத எலிக்குஞ்சுகள் நாலைந்து.

அட்டைப் பெட்டியில் எடுத்துத் தோட்டத்தில் வைத்துவிடலாம் என்றேன். எறும்பு விடாது என்றார் கணவர். எனக்குக் கோபம் வந்தது. விழா வேண்டாமா, நான் எதை வைத்துப் பாடுவது என்று கேட்டேன்.

"சரி, நீ இன்னா பாட்டு பாடப்போற?" என்றார்.

எந்த உயிரையும் வதைக்காதே என்கிற பாட்டு அது. அவர் பலகையைத் திரும்பச் சாத்திவிட்டார்.

மறுநாள் விழுப்புரம் போய்ப் புதிது பார்த்தேன். கடையில் இருந்தது எங்கள் சுருதிக்கு ஒத்துவரவில்லை. நல்லது வேண்டுமானால் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டுமாம். இரவலும் கிடைக்கவில்லை.

விழாவன்று போனில் சுருதி வைத்தோம். கூட்டத்தின் சத்தத்தில் அது கேட்கவே இல்லை. பதற்றத்தில் நான் முதல் பாட்டை ரொம்ப மேலே எடுத்துவிட்டேன். சரணத்தில் எல்லோர் குரலும் உடைந்து, பாட்டு அப்படியே நின்றுபோனது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், அதே வரியைக் கொஞ்சம் கீழே இறக்கி எடுத்தது. அனந்தபுரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண். வருடக்கணக்காக எங்களோடு பாடுகிறவள். அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் கடைசிவரை பாடி முடித்தோம்.

இவ்வளவு நாள் ஏன் இப்படிப் பாடவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"பாடிட்டுத்தாங்க்கா இருந்தேன். பொட்டி சத்தத்துல உங்களுக்குக் கேக்கல போல" என்றாள்.

குஞ்சுகள் வளர்ந்து ஓடிய பிறகு, ஆர்மோனியத்தைப் பாண்டிச்சேரிக்கு எடுத்துப்போனேன். துருத்தியில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் ஒலி எழுப்பும் ரீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிது தேவையில்லை என்று சொல்லி, துருத்தியை மட்டும் மாற்றிக் கொடுத்தார் பழுது பார்ப்பவர். இன்றும் அதைத்தான் வாசிக்கிறேன். விழாவில் ஒரு பாட்டை மட்டும் ஆர்மோனியம் இல்லாமல் பாடுகிறோம். அதற்கு முதல் குரல் கொடுப்பவள் அவள். அன்று ஆர்மோனியம் நன்றாக இருந்திருந்தால், முதுகுக்குப் பின்னால் இருந்த அந்தக் குரலைக் கேட்காமலே இருந்திருப்பேன் என்று நினைக்கும்போது, இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.