ஆண்டவர் பிடோக்கில் இருந்தபோது

கிராஸ் ஸ்டிட்ச் பொறுமையை வளர்க்கும் என்று சொன்னவர் ஊசியைத் தொட்டிருக்கவே மாட்டார். நான் போட்ட சண்டைகளில் பெரியது அதனால்தான் வந்தது.

எண்பதுகளில் சிங்கப்பூரில் நடந்தது. கோயில் பாடகர் குழுவில் இருந்த பிடோக் பகுதிக்காரி ஒருத்தியும் நானும் சேர்ந்து சிராங்கூன் ரோட்டில் இயேசுவின் கடைசி இராவுணவுப் படத்தின் சார்ட் ஒன்று வாங்கினோம். எந்தக் கட்டத்தில் எந்த நிற நூல் என்று பொடிப்பொடிக் குறிகளால் காட்டும் தாள். நகல் எடுத்தால் குறிகள் அப்பிக்கொண்டன. அதனால் தாளையே இரண்டாக வெட்டினோம். எனக்கு இடது பாதி: யூதாஸும் ஐந்து சீடர்களும். அவளுக்கு வலது பாதி: இயேசுவும் மற்ற ஆறு பேரும். தைத்து முடித்ததும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

என் பாதியை முடித்து, பூசைக்குப் பிறகு அவளிடம் காட்டினேன். அவள் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா இது, தையலா, மீ கோரெங்கா?"

வறுத்த நூடுல்ஸ் மாதிரிச் சிக்கிக் கிடந்த நூலைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"உன் பாட்டுக்கு இது தேவலை" என்றேன்.

அவ்வளவுதான். தாளைத் தர மாட்டேன் என்றுவிட்டாள்.

"அப்ப யூதாஸும் உனக்குக் கிடையாது."

"யூதாஸ் இல்லாட்டி எனக்கென்ன லா? இயேசு இல்லாம நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

அவள் சொன்னது சரி. அதுதான் எரிந்தது. தெம்பனிஸில் எங்களுக்குப் புது வீடு. ஃபாதர் வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வரும் நாளில் இந்தப் படம் கூடத்தில் தொங்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். காலண்டரை மாட்டிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். மாட்டேன் என்று, இருந்தபடியே சட்டம் போட்டு மாட்டினேன். ஆறு பேர், பக்கத்தில் வெறும் வெள்ளைத் துணி.

தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த ஃபாதர் அதன் முன் நின்றார்.

"ஆண்டவர் எங்கம்மா?"

"பிடோக்ல இருக்கார் ஃபாதர். ஒருத்தி பிடிச்சு வச்சிருக்கா."

கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் தீர்த்தம் என் புது சோபாவில் கொட்டியது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில், எல்லார் முன்னாலும் அவளிடம் கேட்டார்: "ஆண்டவர் சௌக்கியமா இருக்காரா?" பிறகு பாடகர் குழு முழுவதும் கேட்க ஆரம்பித்தது.

இரண்டு வாரம் தாங்கினாள். பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்று தாளை நீட்டினாள்.

"பிடிங்க. பஸ்ஸுல கூட கேக்குறாங்க."

"யூதாஸ் வேணுமா?"

"வேணும்" என்றாள், தரையைப் பார்த்து.

கொடுத்தேன். குடிக்கக் காப்பி கொடுக்கவில்லை. அன்றே சட்டத்தைக் கழற்றி ஊசியை எடுத்தேன். ஆண்டவர் தெம்பனிஸுக்குக் குடிவந்து சேர நான்கு மாதம் ஆயிற்று.