திமிங்கலத்துக்குள் ஒரு ஊர்

கன்டெய்னர் யார்டில் வேலை போன பிறகு, பகலெல்லாம் போனில் ஒரு கார்ட்டூன் தொடர் பார்த்தேன். விண்வெளியில் நீந்தும் திமிங்கலத்தின் வயிற்றுக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது. பார்த்துச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆனால் பொய் என்றும் படவில்லை.

நாலாவது பகுதியில் அந்த ஊரின் மேல் சாம்பல் கொட்டியது. நைட்டியின் ஓரத்தால் திரையைத் துடைத்தேன். அனல்மின் நிலையத்தை ஒட்டிய வீடு, எல்லாவற்றிலும் சாம்பல் படியும். எதை எடுத்தாலும் என் கை முதலில் துடைத்துவிடும்.

சாப்பிட உட்கார்ந்த கணவர் பார்த்துவிட்டார். “அது படத்துல கொட்ற சாம்பல், மே. மீனு வவுத்துல எவனாவது குடும்பம் நடத்துவானா?”

கேட்டபடியே தன் தட்டைத் துண்டால் துடைத்து என்னிடம் நீட்டினார். சோறு போட்டேன்.