பஸ்ஸுக்கு ஆரத்தி

போன வெள்ளிக்கிழமை காலை முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஆரத்தித் தட்டு வேண்டுமாம்.

"வீட்டுல விசேஷமா?" என்றேன்.

"இல்லீங்க. பஸ்ஸுக்கு."

நான் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி, "தனம், உன்னத் தேடித்தான் வந்திருக்காங்க" என்றேன். என் மனைவியின் முகத்தில் அப்போது வந்த களையைப் பார்க்க வேண்டுமே... மாநிலத்திலேயே முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் அம்மா தோற்றாள்.

ஏன் இந்தப் பெருமை? சொல்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் சாலையில், வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, வயலுக்கு நடுவில் எங்கள் நகர். பெயர் ஹில் வியூ கார்டன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையும் இல்லை, தோட்டமும் இல்லை. சுனாமிக்குப் பிறகு கடல் சத்தம் கேட்காத இடமாகத் தேடி வந்தவர்கள், சிங்கப்பூர் சம்பாத்தியத்தில் மனை வாங்கியவர்கள், டவுன் வாடகைக்குப் பயந்து ஓடிவந்த என்னைப் போன்றவர்கள்... எல்லோரும் சேர்ந்துதான் இந்த நகர். போன தீபாவளிச் சட்டைக்குள் அடங்காத பையன் மாதிரி, சிதம்பரம் கையை நீட்டி நீட்டி வளர்ந்துகொண்டிருக்கிறது.

மனை விற்றவர் நோட்டீஸில் "பஸ் வசதி உண்டு" என்று போட்டிருந்தார். பொய் இல்லை. பஸ் உண்டு. நாள் முழுக்க எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். நிற்காது, அவ்வளவுதான்.

அப்போதுதான் எதிர்வீட்டு பர்வீனுக்குக் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. அவள் குடும்பத்தில் வேலைக்குப் போகிற முதல் பெண். எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பஸ் ஏற அடுத்த ஸ்டாப்பான முட்லூர் வரை நடக்க வேண்டும். மழைக்காலம் வேறு. அந்த வாரம் முழுக்க லேட். சனிக்கிழமை தனத்திடம் அழாத குறையாக வந்து நின்றாள்.

"திங்கக்கெழமையும் லேட்டா வந்தா, அப்படியே வீட்டுக்குப் போயிடுன்னு சொல்லிட்டாங்கக்கா."

இதற்கு முன்பே நான் மனு எழுதியிருந்தேன். எழுதுகிறவன் ஆயிற்றே. அதில் வெள்ளாற்றுக் காற்று வீசியது, வயலில் கொக்கு இறங்கியது. பஸ் மட்டும் நிற்கவில்லை.

தனம் என் பக்கம் திரும்பினாள். "ஒரு ஊருக்கு மொதல் பஸ்ஸு வந்தா என்ன பண்ணுவாங்க?"

"மாலை போட்டு ஆரத்தி எடுப்பாங்க."

"அப்ப நாம ஆரத்தி எடுத்தா, பஸ்ஸு வந்துதானே ஆவணும்?"

நான் மாலை வாங்கப் போனேன்.

திங்கட்கிழமை காலை. சாலை ஓரத்தில் எங்கள் நகர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். பர்வீன் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய கேசரி. தூரத்தில் கடலூர் போகும் தனியார் பஸ் தெரிந்ததும் தனம் கற்பூரத்தை ஏற்றினாள். பஸ் ஹாரன் அடித்தது. வேகம் குறையவில்லை. பர்வீன் கண்ணை மூடிக்கொண்டாள். தனம் தட்டை உயர்த்தினாள்...

எரிகிற கற்பூரத்தைத் தாண்டிக்கொண்டு போகிற டிரைவர் எங்கள் மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. பிரேக் கிறீச்சிட பஸ் நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்னம்மா, மொதலாளி ஏற்பாடா?"

அவர் அப்படி நினைத்தால் அது எங்கள் தப்பா? தனம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திருஷ்டி சுற்றி, பஸ்ஸின் நெற்றியில் பொட்டு வைத்தாள். மாலை ஏறியது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் போயிற்று.

கண்டக்டருக்குத்தான் சந்தேகம். "இங்க ஸ்டாப்பிங்கே கெடையாதேம்மா?"

"மாலை போட்டுட்டமே தம்பி, இப்ப என்ன பண்றது? கழட்டவா?"

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெரியவர், "அபசகுனமா பேசாதய்யா, கேசரியை இங்க தள்ளு" என்றார். கேசரி கடைசி சீட் வரை போனது. அந்தச் சந்தடியில் பர்வீன் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் மறுநாள்தானே உண்மையான பரீட்சை? அன்றைக்குத் தட்டு இல்லை, மாலை இல்லை. பர்வீன் மட்டும் தனியாக நின்றாள். அவள் கையைத் தூக்குவதற்கு முன்பே பஸ் வேகம் குறைந்தது.

"ஏறும்மா" என்றார் கண்டக்டர். "இன்னிக்குக் கேசரி இல்லியா?"

பொட்டு வாங்கிய பிறகு எப்படி நிற்காமல் போவது?

இது நடந்து இரண்டு வருஷம். இப்போது அங்கே டீக்கடை இருக்கிறது, செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது, நிழலுக்குத் தகரக் கொட்டகை இருக்கிறது. வீடு வந்ததால் பஸ் நின்றது. பஸ் நின்றதால் இன்னும் வீடு வந்தது. ஊர் எதுவரை என்று கேட்டால் ஆபீஸ் வரைபடம் ஒரு கோட்டைக் காட்டும். நான் கண்டக்டர் விசிலைத்தான் நம்புவேன்.

அந்த விசில் இன்னும் எட்டாத ஒரு புது நகரிலிருந்துதான் தட்டு கேட்டு அந்த இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். தனம் தட்டோடு புத்திமதியும் கொடுத்தனுப்பினாள். "கேசரியில முந்திரி ஜாஸ்தி போடுங்க."

இந்தத் திங்கட்கிழமை நானும் கடலூருக்குப் போனேன். அதே பஸ், அதே டிரைவர். பர்வீன் முன் சீட்டில். எங்கள் ஸ்டாப்பிங் தாண்டிக் கொஞ்ச தூரம்தான்... சாலை ஓரத்தில் புகை. கற்பூரம். எங்கள் வீட்டுத் தட்டு.

"இங்கயுமா?" டிரைவர் கண்ணாடியில் பர்வீனைப் பார்த்தார். "நிறுத்தினா தெனமும் உனக்குத்தாம்மா லேட்டு. அப்பறம் என்னக் கேக்கக் கூடாது."

பர்வீன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஆரத்தித் தட்டுக்குப் பின்னால், தோளில் பையும் கையில் டிபன் பாக்ஸுமாக ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"நிறுத்துங்கண்ணே" என்றாள் பர்வீன். "ஆஸ்பத்திரில நான் சொல்லிக்கிறேன்."

கடலூர் எங்களுக்கு இன்னும் ஒரு நிமிஷம் தள்ளிப் போய்விட்டது. போகட்டும்.