கையில் கொடுக்காத கத்தி

எங்கள் கத்திக்கு நிரந்தர முகவரி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற இடுப்புயரச் சுவர். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி. கத்தி ஒன்று, அடுப்பு இரண்டு. யாருக்குத் தேவையோ அவர் சுவரிலிருந்து எடுப்பார், வேலை முடிந்ததும் துடைத்துத் திரும்ப வைப்பார். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மட்டும் அது போகாது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள். இதையெல்லாம் நம்பக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். இந்த நம்பிக்கைக்கும் நம் வேதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று எங்கள் பங்குச் சாமியாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சொல்லிவிட்டார். எல்லாரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், கறி வெட்டிய கத்தியைத் தரையில் வைத்துத்தான் அடுத்தவருக்குத் தள்ளியிருப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

எனக்குக் காரணம் இருந்தது. நத்தம் பக்கம் மாந்தோப்புக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட என் சொந்த அக்காவோடு நான் பேசி எட்டு வருடம் ஆகியிருந்தது. அவள் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்துக்கு முந்தின நாள், பூசணிக்காய் அரிய உட்கார்ந்தவள் அரிவாள்மனையைக் கேட்டாள். தரையெல்லாம் ஈரம். அதனால் அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்துக்கு நான் வந்தபோது, "டீச்சர் வந்துட்டாக, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். விருந்துக்கு நிற்காமல் அடுத்த பஸ் பிடித்துத் திண்டுக்கல் வந்துவிட்டேன். அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. சண்டைக்குக் காரணம் அவள் வாயும் என் கோபமும்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த அரிவாள்மனை என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு அக்காவை இழந்தாயிற்று, கூடப் பிறக்காமலே கிடைத்த இந்தத் தங்கையையும் இழந்துவிடக்கூடாது என்பதுதான் என் பயம்.

ஓரகத்தி என்ற சொல்லிலேயே ஒரு கத்தி ஒளிந்திருக்கிறது என்று எங்கள் பள்ளித் தமிழ் ஆசிரியை கேலி செய்வார். "இன்னும் ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்று தெருவில் கேட்கிறவர்களும் உண்டு. பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஒளிவுமறைவில்லாமல், சுவரின் மேல் சாய்ந்துகொண்டு, பால் பொங்குவதைக்கூட மறந்து பேசினோம்.

அந்தக் கத்தி வந்த கதையைச் சொல்லவேண்டும். தாடிக்கொம்பு போகிற ரோட்டில் புருசன் பொண்டாட்டி இருவரும் நடத்துகிற ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. என் அரிவாள்மனையைச் சாணை பிடிக்கப் போனேன். அங்கே ஒரு பலகையில் பத்துப் பன்னிரண்டு கத்திகள் வரிசையாகக் கிடந்தன. காட்டுக்கும் மலைக்கும் போய்க் கூடாரம் அடிக்கிறவர்கள் பெங்களூரிலிருந்து போனில் ஆர்டர் கொடுத்திருக்கிறார்களாம். புருசன் கரியைக் கிளறி இரும்பைப் பழுக்க வைத்துக் குறட்டில் பிடித்தான். அடித்தது அவள். சம்மட்டியை ஓங்கிப் போடுவதும், நடுவில் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனில் பதில் சொல்வதுமாக இருந்தாள். அடித்து முடித்த கத்தியை மறுபடி பழுக்க வைத்து எண்ணெயில் முக்கினாள். சொய்யென்று ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே தலையைச் சாய்த்து, "சரியா இருக்கு" என்றாள். எதைக் கேட்டுச் சரி என்றாள் என்று பி.எஸ்சி. படித்த எனக்குப் புரியவில்லை. அவளைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட மரியாதையை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

பலகையின் ஓரத்தில் ஒரு கத்தி மட்டும் தனியாகக் கிடந்தது. முதுகுப் பக்கம் சம்மட்டி பட்ட ஒரு தழும்பு. போட்டோவில் அழகாக இல்லை என்று பெங்களூர்க்காரர் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம்.

"இதை நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

"இது மலையேறுறவுக வாங்குறது டீச்சர். நீங்க வச்சு என்ன செய்யப் போறீக?"

"வெண்டைக்கா வெட்டுவேன்."

அவள் சிரித்த சிரிப்பில் உலைக்கரியே கொஞ்சம் பறந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குத் தக்காளி ஏற்றிப்போன லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையில் செய்தது, கைப்பிடி கருவேலங்கட்டை, துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும் என்று சொல்லிக் கொடுத்தாள். கொடுத்தாள் என்றால் கையில் இல்லை. பட்டறைக் கல்லின் மேல் வைத்தாள். நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். முதுகு தடிமன், வாய் மெலிசு. கூர் பார்க்க ஒரு பழைய விடைத்தாளை எடுத்து ஓரத்தில் வைத்தேன். ஏழு மதிப்பெண் வாங்கிய தாள் சத்தமில்லாமல் மூன்றரை மூன்றரையாகப் பிரிந்தது.

மலைக்காட்டுக்கென்று பிறந்த கத்தி எங்கள் இரண்டு வீட்டிலும் பார்க்காத வேலை இல்லை. காலையில் வேப்பங்குச்சி நறுக்குகிற கொழுந்தனார் முதல் ஆள். பிறகு என் ஓரகத்தி வாழையிலை அறுப்பாள், மாட்டுக்கு அகத்திக் கொப்பு இறக்குவாள், தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்க மூங்கில் பிளப்பாள். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு இருக்கிற துண்டை ஒரே இழுப்பில் அறுத்துப் போடுவாள். மத்தியானம் முருங்கைக்காய், பூசணி. முதுகால் ஒரு தட்டுத் தட்டினால் தேங்காய் இரண்டு மூடியாகும். விரால் மீனுக்குச் செதில் எடுக்கும், பனங்கிழங்கைக் கீறும், உரச்சாக்கின் தையலைப் பிரிக்கும், பெயிண்ட் டப்பா மூடியை நெம்பும். பள்ளிக்கு வருகிற புத்தகக் கட்டுகளைப் பிரிக்க ஒருநாள் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். தலைமையாசிரியை மயக்கம் போடாத குறை. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேக்கையும் அதுதான் வெட்டியது. அதற்கு முன்பு வெட்டியது கோழி என்பது சாமியாருக்குத் தெரியாது.

எந்த வேலைக்கும் அது முகம் சுளித்ததில்லை. கைப்பிடி என் கைக்கும் பொருந்தியது, காய்ப்புக் காய்த்த அவள் கைக்கும் பொருந்தியது. வாரம் ஒருமுறை துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்துக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். நான் தடவுகிற எண்ணெயைப் பார்த்து, "எங்க அண்ணன் தலைக்குக்கூட இம்புட்டுத் தடவ மாட்டீக" என்பாள். அண்ணன் என்று அவள் சொல்வது என் வீட்டுக்காரரை. அவருக்குத் தலையில் தடவ அதிகம் எதுவும் இல்லை.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. வீட்டு ஆண்கள் இருவரும் மல்லிகைப் பூவைக் கட்டிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். பின்பக்கமிருந்து, "அக்கா! கத்தி! கத்தி எடுத்துட்டு வாங்க!" என்று அவள் அலறினாள்.

சுவரிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாய்க்கால் ஓரத் தென்னையில் கட்டியிருந்த அவளுடைய சினைமாடு சரிந்து கிடந்தது. நைலான் கயிறு பின்னங்காலில் சுற்றி, கழுத்தைத் திருகி இறுக்கியிருந்தது. நாக்கு வெளியே வந்துவிட்டது. மாடு காலை உதற உதறக் கயிறு இறுகியது. அவள் முழங்கால் போட்டு மாட்டின் தலையை மடியில் தாங்கி, இடது கை விரல்களைக் கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் நுழைத்திருந்தாள். அந்த விரல்கள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத்தான் தெரியும். நான் அறுத்தால் விரலும் போகும். வலது கையை நீட்டினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து, பதவிசாக, கத்தியைத் தரையில் வைத்தேன்.

பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. வாய்க்கால் கரை சரிவு. கத்தி வழுக்கிச் சேற்றுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

"அய்யோ அக்கா! கீழ வைக்கிற நேரமா இது? கையில குடுங்க!"

சேசுவே சேசுவே என்று சொல்லிக்கொண்டே முழங்கால் ஆழத் தண்ணீரில் துழாவினேன். எத்தனை நொடி என்று தெரியாது. எனக்கு ஒரு முழுப் பாடவேளை போல இருந்தது. கருவேலங்கட்டை கையில் தட்டுப்பட்டது. கைப்பிடியை அவள் பக்கம் திருப்பி, அவள் உள்ளங்கையில் அழுத்தி வைத்தேன். அவள் கத்தியைக் கயிற்றின் அடியில் செருகி வெளிப்பக்கமாக ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். விரல் கனத்தில் இருந்த நைலான் கயிறு பட்டென்று விட்டது. மாடு இழுத்த முதல் மூச்சின் சத்தத்தில் நாங்கள் இருவரும் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதோம்.

மாடு எழுந்து நின்ற பிறகுதான் அவள் கத்தியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கையில குடுத்துட்டீகளேக்கா" என்றாள் மெதுவாக.

அன்றிலிருந்து எங்களைப் பிடித்தது மரியாதை என்கிற நோய். சண்டை வந்துவிடுமோ என்று இருவரும் ஒருவருக்கொருவர் பயந்து பேசினோம். அவள் அனுப்பிய குழம்பில் உப்புக் கரித்தது, "நல்லா இருந்துச்சு" என்றேன். அவள் வீட்டு டிவி அலறியது, ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அவளும் என் குறைகளை விழுங்கியிருப்பாள். "சாப்டீகளா?" "சாப்ட்டேன்." "வாரேன்க்கா." அவ்வளவுதான். சுவரில் சாய்ந்து பேசுவது நின்றுபோனது. எதை இழக்கக்கூடாது என்று பயந்தேனோ, சண்டை வராமலே அது நழுவிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் சுவரின் மேல் கத்தி இல்லை. அவள் வீட்டு அம்மியடியில் ஈரத்தில் கிடந்தது. முந்தின நாள் ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டியவள் துடைக்கவே இல்லை. மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்து, வாயெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"மாட்டைக் காப்பாத்துன கத்தியை இப்படியா போட்டு வைப்ப? ஒரு துணி எடுத்துத் துடைக்க முடியாதா உனக்கு?"

"மறந்துட்டேன்! அதுக்கு இப்படியா கத்துவீக? நான் என்ன உங்க கிளாஸ் பிள்ளையா?"

"பொறுப்புன்னு ஒன்னு வேணாமா?"

"பொறுப்பைப் பத்தி நீங்க பேசாதீக! கூடப் பொறந்த அக்காகூட எட்டு வருசமாப் பேசாதவுக நீங்க!"

தெருவே எட்டிப் பார்த்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். வந்துவிட்டது, முடிந்துவிட்டது, இதுவும் போய்விட்டது என்று நினைத்தேன். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஒரு மணி நேரம் இருக்கும். சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அக்கா, உங்க வீட்டுல என்ன வெஞ்சனம்?"

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"கோவத்துல சோத்தை மட்டும் வடிச்சுட்டேன். வெஞ்சனம் வைக்கல. செத்த ஏதாச்சும் குடுங்க."

கிண்ணத்தில் அவரைக்காய்ப் பொரியலை எடுத்துக்கொண்டு போனேன். கண் சிவந்திருந்தாள். "நான் சொன்னது தப்புக்கா" என்றாள். "நான் கத்துனதும் தப்புத்தான்" என்றேன். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சண்டை வரும்னு பயந்தோம். வந்துச்சு. போயிருச்சு. சோறு வடிக்கிற நேரம்தான் தாங்குச்சு. இதுக்கா இம்புட்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தோம்? உப்புக் கரிச்ச குழம்பை நல்லா இருந்துச்சுன்னு சொன்னீகளே, வாயி கூசல?"

சாம்பல் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவிய கத்தியை மறு கையில் வைத்திருந்தாள். சுவரில் வைக்கவில்லை. கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை கொல்லுப்பட்டறைக்குப் போய் அதேபோல இன்னொரு கத்தி வேண்டும் என்றேன். "முதுகுல தழும்பு விழுந்தா பரவாயில்லையா?" என்று கேட்டாள் பட்டறைக்காரி. விழுந்தால் நல்லது என்றேன். மாந்தோப்பு வேலைக்கு, நத்தம் பக்கம் இருக்கிற என் அக்காவுக்கு என்றும் சொன்னேன். அவள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அட்ரஸ் சொல்லுங்க டீச்சர். பெங்களூர் பார்சலோட சேத்துக் கூரியர்ல போட்டுர்றேன்."

"வேணாம்மா," என்றேன். "அதை நானே கொண்டுபோய், அவ கையில குடுக்கணும்."