வேலி நிறைய நீலச்சிறகுகள்

அருமனையில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து, வலசை வரும் வண்ணத்துப்பூச்சிகளுக்கு விழா எடுத்தோம். விருந்தினர் வருவார்களே என்று, முந்தைய நாள் என் முற்றத்தில் வாடிக்கிடந்த கிலுகிலுப்பைச் செடிகளைப் பிடுங்கித் தெருவோரம் எறிந்தேன். அந்த வாடிய தண்டுகளை உறிஞ்சத்தான் பூச்சிகள் வரும் என்பது எனக்குத் தெரியாது.

விழாவன்று என் முற்றம் வெறிச்சென்று கிடந்தது. பக்கத்து வீட்டு அசாம்காரி ஜோனாலியின் வேலியிலோ நீலச்சிறகுகள் அப்பிக் கிடந்தன. ஊரே அங்கே நின்றது.

"ஏட்டி, உனக்கு ஒரு கொசுவாவது வந்துதா?" என்று என் தோழி கிரேஸ் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

ஜோனாலி என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், எங்கள் பேச்சிலேயே எல்லோரிடமும் சொன்னாள்: "இது அக்கா நட்ட செடியாக்கும். அடுப்புக்குண்ணு பெறக்கி வேலியில போட்டது மட்டுந்தான் நான்."

கூட்டம் எனக்குக் கைதட்டியது. அவள் இடத்தில் நானென்றால் வாயே திறந்திருக்க மாட்டேன். பூச்சிகளுக்காகப் பட்ட பொறாமை அப்போதே அடங்கிவிட்டது. அவளால் அப்படிச் சொல்ல முடிந்ததே, அந்தப் பொறாமைதான் இன்னும் அடங்கவில்லை.