சக்கரத்துக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம்

போன வெள்ளிக்கிழமை இரண்டு எலுமிச்சம்பழங்களால் மாட்டிக்கொண்டேன். அதுவும் நானே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போன பழங்கள்.

சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

நான் ஓய்வு பெற்றது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் ஊர் ஒத்தக்கடையில் ஸ்கூட்டரோடு விழுந்தது தெரியாது. எழுதவில்லை. எழுதுகிற மாதிரியான விபத்தும் இல்லை. லாரி மோதவில்லை, நாய் குறுக்கே வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி தனம் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, கேஸை அணைச்சீங்களா?"

நான் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற ஆள். கழுத்தைத் திருப்பி, "அணைச்சிட்டேன்" என்றேன். கழுத்து மறுபடி முன்னால் வருவதற்குள் முன்சக்கரம் ரோட்டோர மணலில் இறங்கிவிட்டது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. தனத்துக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. கேஸ் அணைத்துத்தான் இருந்தது. அதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை... எனக்கு வெட்கமாக இருந்தது. "இனிமே வண்டியவே தொட மாட்டேன், போதுமா?" என்றேன். அவள் கட்டுப் போட்ட கையை நீட்டினாள். அந்த மாவுக்கட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஸ்கூட்டரை மேலூர் மச்சினன் அந்த வாரமே ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு எனக்குப் பஸ்தான். பஸ்ஸைக் குறை சொல்லவில்லை. ஆனால் சும்மா ஒரு டீ குடிக்க, சும்மா ஒரு சிநேகிதனைப் பார்க்க என்று பஸ் ஏற முடியுமா? நடக்கலாம் என்றால், முழங்கால் இரண்டாவது தெருவிலேயே லீவுக்கு விண்ணப்பம் போட்டுவிடும். ஆக, வீடு. காலையில் பேப்பர், மத்தியானம் அதே பேப்பர்.

மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு எனக்குள் இருந்த பழைய கிளார்க் விழித்துக்கொண்டான்.

முப்பத்து நாலு வருஷம் அரசு ஆபீஸில் கோப்பு பார்த்தவன் நான். ஒரு விதி குறுக்கே நின்றால் அதோடு நாங்கள் சண்டை போட மாட்டோம். அதில் வருகிற சொல்லுக்கு என்ன பொருள் என்று மட்டும் கேட்போம். பாதி விதிகள் அங்கேயே படுத்துவிடும்.

நான் என்ன சொன்னேன்? வண்டியைத் தொட மாட்டேன் என்றேன். வண்டி என்றால் என்ன? எங்கள் ஊரில் பைக் வண்டி. ஸ்கூட்டர் வண்டி. கார் வைத்திருப்பவரையும் "வண்டிய எங்க விட்டீங்க?" என்றுதான் கேட்போம். ஆனால் சைக்கிளில் வந்தவனை யாராவது அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சைக்கிள் என்றால் சைக்கிள், அவ்வளவுதான். அதில் ஒரு மோட்டார் இருந்தால்? மோட்டாரைப் பற்றிச் சத்தியத்தில் ஒரு வார்த்தை இல்லை.

என் ஓய்வுக்கால ஹாபி இப்படித்தான் ஆரம்பித்தது.

ஒத்தக்கடையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ராசுவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். பரணில் கிடந்த என் பழைய கறுப்பு சைக்கிளையும் கூரியரில் வந்த மோட்டாரையும் அவனிடம் கொண்டு போனேன்.

"அண்ணே, இம்புட்டு கஷ்டத்துக்கு பேசாம ஒரு மொபெட் வாங்கிரலாம்ல?"

"அது வண்டி."

"அப்ப இது?"

"சைக்கிள்."

ராசு சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "சரிண்ணே" என்றான்.

மோட்டார் முன்சக்கரத்தின் நடுவில் உட்காரும். அதற்குப் பழைய கம்பிகள் எல்லாம் நீளம். குட்டைக் கம்பிகளுக்காக இரண்டு பேரும் ஆரப்பாளையம் வரை அலைந்தோம். ஒவ்வொன்றாகக் கோத்து, ராசு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கோட்டம் எடுத்தான். பேட்டரியை நடுக்கம்பியில் கட்டினோம். ஒயர்கள் எல்லாம் போய்ச் சேருகிற கன்ட்ரோலருக்கு மழை படாத ஒரு பெட்டி வேண்டியிருந்தது. தனத்தின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் அளவெடுத்த மாதிரி இருந்தது. அதை அவள் இரண்டு வாரமாகத் தேடினாள். நானும் கூடவே தேடினேன்.

முதல் வெள்ளோட்டம் ராசு கடை வாசலில். ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். சைக்கிள் பின்னால் போனது.

"நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!"

காற்றடிக்கிற மெஷின் மேல் சாய்ந்து நின்றது. மோட்டார்ச் சக்கரத்தை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறோம். நான் பதறவில்லை. ஆபீஸில் பல திட்டங்கள் இப்படிக் கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் பின் கேரியரில் மெத்தென்று ஒரு சீட் வைத்தேன். இரண்டு பக்கமும் கால் வைக்கக் கம்பி வெல்டிங் செய்யச் சொன்னேன். ஏன் என்று ராசு கேட்கவில்லை. என்னைப் பற்றி அதற்குள் அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

நாலு மாதம் தினமும் நான் கிரீஸ் கையோடு வீடு திரும்பினேன். தனம் தினமும் கேட்டாள்.

"என்ன செய்யுறீங்க அங்க?"

"சைக்கிள் ரிப்பேர்."

"ம்."

அந்த 'ம்' இருக்கிறதே... எனக்கு மேலிருந்த எந்த அதிகாரியும் அப்படி ஒரு 'ம்' போட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. தனம் எப்போதும் போலத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பினாள். நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடப் போனேன். பூசாரி வெளியே வந்து சந்தனப் பொட்டு வைத்தார், பூச்சரம் சுற்றினார். நான் சட்டைப் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்து, குனிந்து, முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று அடியில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. முதல் ஓட்டம் என்றால் பழம் நசுக்கித்தானே கிளம்புவோம்?

"ஏங்க."

நிமிர்ந்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இந்த சைக்கிள் உங்ககிட்ட இருந்துச்சு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சிருக்கோம். என்னைக்காச்சும் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சீங்களா?"

குனிந்து பழங்களைப் பார்த்தேன்.

"சைக்கிளுக்கு யாராச்சும் பழம் வைப்பாங்களா? வண்டிக்குத்தான வைப்பாங்க?"

இந்த அளவு மோட்டாருக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், ஆகவே சட்டப்படி இது சைக்கிளே என்று நாலு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்த வாதம் அங்கேயே படுத்துவிட்டது. என் கையாலேயே அதை வண்டி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அவள் சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்தாள். டிபன் பாக்ஸ் அருகே நின்றாள். மூடியைத் தட்டிப் பார்த்தாள். பின்சீட்டுக்கு வந்தாள்.

"இது எதுக்குக் கம்பி?"

"கால் வைக்க."

"யாரு கால் வைக்க?"

"நீதான். வேற யாரு?" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "உன்னைய விட்டுட்டு நான் மட்டும் எங்க போகப் போறேன்? வேணாம்னா சொல்லு, இப்பவே ராசுகிட்ட குடுத்து மோட்டாரைக் கழட்டிருறேன்."

அதைச் சொல்லும்போது உண்மையாகவே சொன்னேன். அந்த மணிக்கட்டால் அவளால் இன்றைக்கும் ஈரத் துணியைப் பிழிய முடியாது. எங்கள் வீட்டில் துணி பிழிவது நான்தான்.

தட்டோடு காத்து நின்ற பூசாரி தொண்டையைக் கனைத்தார். "அர்ச்சனை யார் பேருக்கும்மா?"

"எம் பேருக்குப் பண்ணுங்க சாமி. வண்டி என்னோடது. சார் டிரைவர்."

கற்பூரம் காட்டினார். அவள் புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வலது கை என் தோளில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். முன்னால்தான் போனது. பழங்கள் இரண்டும் நசுங்கின.

விவசாயக் கல்லூரி வாசலைத் தாண்டினோம். மேலூர் ரோட்டில் ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது. ஒரு சைக்கிளும் கடந்து போனது. பிறகு காதருகே அவள் குரல் கேட்டது. சோதித்தாளா, பழக்கமா, இன்றுவரை தெரியாது.

"ஏங்க, கேஸை அணைச்சீங்களா?"

நான் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்தி, அவளை இறக்கி, ஸ்டாண்டு போட்டு, முகத்துக்கு நேராகத் திரும்பிச் சொன்னேன்:

"அணைச்சிட்டேன்."