பிரிக்காத கவர்

சனிக்கிழமை மாலைகளில் அம்மாவின் முந்தானையிலிருந்து பசையும் புதிதாக வெட்டிய தாளும் கலந்த ஒரு வாடை வரும். இருமுறை சோப்புப் போட்டுக் கை கழுவினாலும் விட்டுப்போகாத அந்த வாடையோடுதான் அவர் திருத்தங்கல் அச்சகத்திலிருந்து வீடு திரும்புவார். தினசரி நாட்காட்டித் தாள்களைச் சேர்த்துத் தலையில் தகரப்பட்டை அடிக்கும் பகுதியில் அவருக்கு வேலை. வாரக்கூலியைப் பழுப்புக் கவரில் போட்டு, வாயை ஒட்டி, மேலே பெயரெழுதித் தருவார்கள். அந்தக் கவரைத் திறக்காமலே கொண்டுவந்து பெரியத்தாவின், அதாவது நான் அத்தா என்றழைக்கும் என் அப்பாவுடைய அண்ணனின், மேசைமேல் வைப்பது எங்கள் கூட்டுக்குடும்பத்தின் வழக்கம். "பிரிக்காத கவர்" என்பது எங்கள் தெருவில் ஒரு நற்சான்றாகவே வழங்கியது. மருமகளைப் புகழ வேண்டுமென்றால், "பிரிக்காத கவரக் கொண்டாந்து குடுக்கிற பிள்ளை" என்பார்கள். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

அத்தா சவுதியில் ஓர் அரபி வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏழாண்டுகள் கழித்து, நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில், இனிப் போவதில்லை என்று திரும்பிவந்தார். அவர் வந்த முதல் சனிக்கிழமை பெரியத்தா விருதுநகருக்குப் போயிருந்ததால், அம்மா கவரை அத்தாவின் முன் வைத்தார். அத்தா அதைக் கையிலெடுத்து, மேலே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டுவதுபோல நிதானமாகப் படித்தார். பிறகு அம்மாவின் பக்கமே தள்ளிவிட்டார்.

"இதுல ஒம்பேருல்ல எழுதியிருக்கு. எனக்கெதுக்கு?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. எங்கள் தெருவில் மனைவியின் கூலியைக் கணவன் வாங்காமல் தள்ளினால் அதற்கு ஒரே பொருள்தான்: இனி நீ வேலைக்குப் போக வேண்டாம். அப்படித் தள்ளப்பட்ட பிறகு வீட்டோடு நின்றுபோன பெண்களை அவர் அறிந்திருந்தார். கவரைப் பீரோவில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் வேலைக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குவாளியை ஆணியில் மாட்டியபடியே விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் களைப்பில் தூங்கிக்கொண்டும் உறவுக்காரர்களைப் பார்த்துக்கொண்டும் இருந்ததால், அச்சகத்துக்கு விடுமுறை போலும் என்று அத்தா நினைத்திருந்தார்.

செவ்வாய் மாலை அம்மாவோடு வேலைசெய்யும் முத்துமாரி அக்கா வாசலில் வந்து நின்றார்.

"என்னக்கா, புருசன் வந்ததும் மகாராணி ஆயிட்டீகளா? சீசன் நேரம். நாளைக்கும் வரலைன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு சூப்ரவைசர் சொல்லிவிட்டாரு."

"அவுக வேணாம்னுட்டாக, மாரி" என்றார் அம்மா, தலை நிமிராமல்.

உள்ளேயிருந்து அத்தா எழுந்து வந்தார். "நான் எப்ப வேணாம்னேன்?"

"கவரத் தள்ளிவிட்டீகளே!"

ஏழாண்டில் அத்தா இந்த வழக்கத்தையே மறந்திருந்தார். முத்துமாரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்ல கூத்து போங்க! அண்ணே, நம்மூருல கவரத் தள்ளுனா வீட்டுல கெடன்னு அர்த்தம். சவுதியில என்ன அர்த்தமோ, அத மொதல்ல அக்காகிட்டச் சொல்லுங்க."

அன்றுதான் அத்தா சொன்னார். அவர் கார் ஓட்டிய வீட்டில் மனைவி பள்ளி ஆசிரியை. வீட்டுச் செலவு முழுக்கக் கணவன் பொறுப்பு, அவள் சம்பளம் அவளுடையது. ஒருநாள் காரின் பின்னிருக்கையில் கணவன், புது வீட்டு வேலைக்குப் பணம் குறைகிறது, கொஞ்சம் தர முடியுமா என்று மனைவியிடம் கேட்டான். அவள், "யோசித்துச் சொல்கிறேன்" என்றாள். "அம்புட்டுத்தான். அந்த மனுசன் சரின்னு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. எனக்குத்தான் திரும்ப வேண்டிய ரோடு தவறிப்போச்சு" என்றார் அத்தா. அங்கே எல்லா வீடும் இப்படியில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை: அடுத்த வீட்டில், சம்பளத்தில் பாதியைத் தந்தால்தான் வேலைக்குப் போகலாம் என்று கணவன் நிபந்தனை போட்டிருந்தானாம். மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே உரியது என்று எங்கள் பள்ளிவாசலிலும் பலமுறை சொல்லக் கேட்டவர்கள்தாம் எங்கள் தெரு ஆண்கள்; கேட்டதை வீடுவரை கொண்டுவந்தவர் எனக்குத் தெரிந்து அத்தா ஒருவர்தான்.

புதன்கிழமை காலையில் அம்மா தூக்குவாளியோடு கிளம்பினார். ஆனால் அந்தச் சனிக்கிழமையும் கவர் வராததைக் கண்டு, பெரியத்தா எங்கள் அறை வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏப்பா, ரெண்டு வாரமா கவரக் காணோம்? லோடு எடுக்கணும்ல?"

"அது அவ காசுண்ணே. வேணும்னா அவகிட்டக் கேளுங்க."

பெரியத்தா கெட்டவரல்லர், பதினோரு பேருக்குச் சோறு போட்டவர். ஆனால் ஒரு பெண்ணிடம் கேட்டுப் பெற்ற பழக்கம் அவருக்கு இல்லை; தம்பி மனைவியோடு நேரே பேசும் வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. தொண்டையைச் செருமினார், போவதுபோலத் திரும்பினார், மறுபடி நின்றார். கடைசியில் என்னைப் பார்த்து, "ஏத்தா, ஒங்கம்மாகிட்டக் கேளு... கொஞ்சம் காசு வேணும்னு" என்றார்.

இரண்டு எட்டுத் தள்ளி, கதவோரத்தில் நின்ற அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னிடம் சொன்னார்:

"எதுக்குன்னு கேளு."

அத்தா சிரிப்பை மறைக்க மின்விசிறியைப் பார்த்தார். பெரியத்தாவுக்குக் கோபம் வருமென்று நான் பயந்தேன். அவரோ என் தலைக்குமேல் பார்வையை நிறுத்தி, அச்சகங்களில் தாளை ஓரம் வெட்டும்போது விழும் கழிவை எடைக்கு வாங்குவது, அதற்கு முன்பணம் கட்டுவது, லாரி வாடகை, எந்த மாதத்தில் விலை இறங்கும் என்பதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கினார். எங்களுக்குச் சோறு போடும் வியாபாரம் இன்னதென்று நான் அறிந்தது அன்றுதான். அந்த வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருந்த அம்மாவும் அன்றுதான் அறிந்தார்.

"பாதி தாரேன்னு சொல்லு. மீதி எனக்கு வேணும்."

எதற்கு என்று பெரியத்தா கேட்கவில்லை. "நல்லது" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அதன்பின் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று என் வழியாகக் கேட்டார். நான் பெரியவளான பிறகு, சற்றுக் கூச்சத்தோடு, அம்மாவிடமே கேட்டார். அந்த மாற்றத்துக்காக நான் அவரையும் அத்தாவுக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள், அத்தாவின் இந்தப் பெருந்தன்மை அரபி வீட்டிலிருந்து வந்ததுதானே என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் இல்லை என்றார். "ஒங்கத்தா ஏழு வருசச் சம்பாத்தியத்தையும் அண்ணனுக்கே அனுப்புனாக. அண்ணன் அதை என்ன பண்ணுனாகன்னு கேக்க இவுகளுக்கு வாய் வரலை. அந்த மனக்கொறை எனக்கும் வந்துரக் கூடாதுன்னு நெனச்சிருக்காக."

இன்று அந்தக் கவர் இல்லை. சனிக்கிழமை மாலையில் மனைவியையும் அவள் கவரையும் கூட்டிப்போக அச்சக வாசலில் சைக்கிளோடு காத்திருந்த ஆண்களும் இல்லை. கூலி நேராக வங்கிக்குப் போகிறது. இனி எல்லாப் பெண்களின் பணமும் அவரவர் கையில் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். சென்ற மாதம், பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் மகேஸ்வரி, பட்டாசு ஆலையில் பெட்டி ஒட்டுகிறவள், எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, இந்த வாரக் கூலி கணக்கில் ஏறிவிட்டதா என்று கேட்டேன்.

"எனக்கெப்படிக்கா தெரியும்? மெசேஜ் எங்க வீட்டுக்காரரு போனுக்குத்தான வரும். ஏடிஎம் கார்டும் அவுககிட்டத்தான இருக்கு" என்றாள், அதில் விசேஷமாக ஒன்றும் இல்லாததுபோல.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"திங்கக்கெழமை லீவு சொல்லிரு தாயி. பேங்குக்கு நானும் வாரேன்."